கால் தெரியாத ஆடி

போன வாரம் எங்கள் கம்பெனியில் மெடிக்கல் செக்கப் நடந்தது. நாற்பதைத் தாண்டியவர்களை மட்டும் தனி வரிசையில் நிற்க வைத்தார்கள். ஆளுக்கொரு தாள். அதில் வரிசையாகக் கேள்விகள், பக்கத்தில் இரண்டு கட்டங்கள். எஸ், நோ. தாளை நிரப்ப ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மீசை இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. சுகர் உண்டா, பிரஷர் உண்டா என்று மளமளவென்று டிக் அடித்துக்கொண்டே வந்தவன் ஒரு கேள்வியில் நிமிர்ந்தான்.

“அக்கா, டிங்கிளிங் கீதா?”

“அப்பிடின்னா?”

“அதாங்க்கா, கை கால்ல ஜிவ்வுனு இருக்குமே.”

“ஜிவ்வுனுன்னா எப்பிடி? குத்துறதா, ஊறுறதா, காந்துறதா?”

“அக்கா, பின்னாடி அறுவது பேர் நிக்கிறாங்க. எஸ்ஸா நோவா, அத மட்டும் சொல்லு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ‘நோ’ போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

என் வயதுக்காரிகளே, உங்களைத்தான் கேட்கிறேன். நம் உடம்பில் நடக்கிற எத்தனை சங்கதிகளை அந்த ஒரு கட்டத்துக்குள் அடைப்பது? காலை மடித்து உட்கார்ந்து எழுந்தால் மரத்துப்போன கால் திரும்பி வரும்போது சுருக் சுருக்கென்று குத்தும். பஞ்சாமிர்தம் பட்ட விரலில் எறும்பு ஊறுகிற மாதிரி குறுகுறுக்கும். மிளகாய் அரைத்த கை காந்தும். மார்கழியில் குழாய்த் தண்ணீர் பட்டால் விறுவிறுக்கும். பல் கூசும். உடம்பு சிலிர்க்கும். இவையெல்லாம் நமக்கு வேறு வேறு. வேறு வேறு என்று தெரிந்தும் நம் வீடுகளில் என்ன செய்தார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

வீட்டுக்கு வந்து மகளின் போனில் அந்தச் சொல்லைத் தேடச் சொன்னேன். அது முதலில் காதுக்கான சொல்லாம். கேட்கக்கூடாத செய்தியைக் கேட்டால் காதுக்குள் ஙொய்யென்று இரையுமே, அது. மணி கிணுகிணுக்கிற சொல்லுக்கு உறவாக இருக்கலாம் என்று அகராதியே சந்தேகத்தோடுதான் சொல்கிறது. பிறகு அது காதிலிருந்து இறங்கி, அறை வாங்கிய கன்னத்துக்கும் குளிரில் விறைத்த விரலுக்கும் வந்ததாம். அதற்கும் பிறகு சந்தோஷத்தில் உடம்பு புல்லரிப்பதற்கும் அதுவே. அதிர்ச்சி, வலி, குளிர், ஆனந்தம் நான்குக்கும் ஒரே சொல். மகள் வாசித்து முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. இங்கிலீஷ் ஒரு எழுத்துகூடத் தெரியாத என் வீட்டாரும் மாதக்கணக்கில் இதையேதான் செய்தார்கள். என் அக்காவின் கையிலும் காலிலும் இருந்த ஒரே ஒரு தொந்தரவுக்கு இத்தனை அர்த்தமும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார்கள். சரியான ஒன்றைத் தவிர.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்த புதுசு. எங்கள் ஊர் பென்னலூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வயலை அளக்கவும் வேலி போடவும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அப்பா பெங்களூர் ரோட்டில் லாரி ஓட்டினார், எப்போதாவது வருவார். வீட்டில் அம்மா, பத்தொன்பது வயது அக்கா, நான். கார் கம்பெனியில் பெண்களை எடுக்கவில்லை. ஆனால் கொஞ்ச தூரத்தில் ஷூ தைக்கிற கம்பெனி ஒன்று இருந்தது, இப்போது இல்லை. அங்கே அக்காவுக்கு வேலை கிடைத்தது. எங்கள் தெருவில் கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு பஸ் ஏறிய முதல் பெண் அவள்தான். அம்மா அந்தக் கார்டைக் குழம்புக் கையோடு தொடக்கூட விடமாட்டாள்.

அக்காவுக்குப் பசை மேசையில் வேலை. ஷூவின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் பிரஷால் மஞ்சள் பசை தடவ வேண்டும். காய்ந்ததும் அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். ஏழு பெண்கள் ஒரே மேசையில். தூசி விழுந்தால் பசை பிடிக்காது என்று ஜன்னல்களை மூடியே வைத்திருப்பார்களாம். கையுறை போட்டால் பிரஷ் வழுக்கும், கணக்குப்படி ஜோடி முடியாது. அதனால் வெறும் கை. சாயங்காலம் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே அந்த வாசனை எங்களுக்கு வந்துவிடும். பெட்ரோலில் பழம் ஊற வைத்த மாதிரி ஒரு இனிப்பு வாசனை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது, அதைச் சொல்ல இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் பிடிக்கும். அக்காவின் விரல்களில் ஒட்டிக் காய்ந்த பசையை உரிப்பது. தோல் மாதிரி மெல்லிசாக உரிந்து வரும். அதை உருட்டிப் பந்தாக்குவேன். தினமும் உரித்ததைச் சேர்த்துச் சேர்த்து எலுமிச்சை அளவுக்கு ஒரு பந்து வைத்திருந்தேன். தரையில் அடித்தால் கூரை வரைக்கும் துள்ளும். தெருவில் என் பந்துக்கு ஈடு கிடையாது. அது எப்போது, எங்கே தொலைந்தது என்று ஞாபகம் இல்லை.

பங்குனி வாக்கில் அக்கா சொல்ல ஆரம்பித்தாள், விரல் நுனியில் எறும்பு ஊறுகிறது என்று. கொஞ்ச நாளில் கால் விரல்களிலும் ஊறியது. நிஜமாகவே எறும்பு என்றுதான் அம்மா நினைத்தாள். பாயை வெயிலில் போட்டு உதறினாள். அக்கா படுக்கிற இடத்தைச் சுற்றி எறும்புப் பொடியால் கோடு இழுத்தாள். அதில் நான் மிதித்துவிட்டேன் என்று எனக்கு முதுகில் ஒன்று விழுந்தது. எறும்பு ஒன்றுகூட அகப்படவில்லை. அக்காவுக்கு ஊறுவது நிற்கவும் இல்லை.

அடுத்து செருப்பு. ஒரு நாள் அக்கா ஒற்றைச் செருப்போடு வந்து வாசலில் நின்றாள்.

“இன்னாடி இது? இன்னொண்ணு எங்கே?”

“தெர்லமா. எங்க கழண்டுச்சின்னே தெர்ல.”

“கால்ல செருப்பு கீதா இல்லியான்னு தெரியாதா ஒருத்திக்கு?”

நான்தான் பஸ் ஸ்டாப் வரைக்கும் தேடிக்கொண்டு ஓடினேன். கிடைக்கவில்லை. அடுத்த மாதம் மறுபடியும். அதற்கடுத்து மறுபடியும். எங்கள் கதவோரத்தில் ஜோடி இல்லாத செருப்புகள் சேர ஆரம்பித்தன. நாள் முழுக்க ஊராருக்குச் செருப்பு ஒட்டுகிறவள் தன் செருப்பைக் காப்பாற்ற மாட்டேன் என்கிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். நானும் அம்மாவோடு சேர்ந்துகொண்டு அக்காவைக் கேலி செய்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தாள். என் அம்மாவின் சொந்த அக்கா. எந்த விஷயத்திலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமே இல்லாதவள். முதலில் வாயு என்றாள். பூண்டைச் சுட்டுத் தின்னக் கொடுத்தார்கள். அக்காவின் வாய் நாறியதுதான் மிச்சம். பிறகு குளிர்ந்த தண்ணீரில் கை வைப்பதால்தான் என்று சொல்லி, பாத்திரம் தேய்க்கிற வேலையை அக்காவிடமிருந்து பிடுங்கி என் தலையில் கட்டினார்கள். அதுவும் பலிக்காமல் போனபோது பெரியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இன்னாடி தங்கச்சி, இது கூடவா புரியல ஒனக்கு? சிலுசிலுங்குதாம், ஊறுதாம், செருப்பு போனதே தெரியலியாம். எவனையோ நெனச்சிக்கினு நடக்குறாடி ஒம் பொண்ணு.”

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அம்மா அக்காவின் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்துக் கொட்டிக் கடிதம் தேடினாள். ரவிக்கைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் யார் நிற்கிறார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று என்னை வேவு பார்க்க அனுப்பினாள். அக்கா யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தாள். நான் அதை அம்மாவிடம் அப்படியே போய்ச் சொன்னேன். “பாத்தியா, தலைய நிமிர முடியல அவளால, குத்தமுள்ள நெஞ்சு” என்றாள் அம்மா. எதைச் சொன்னாலும் அவர்கள் முன்பே எழுதி வைத்த பதிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கம்பெனியிலும் அக்கா கேட்டுப் பார்த்திருக்கிறாள். முதலுதவி அறையில் சத்து மாத்திரை கொடுத்து, நன்றாகச் சாப்பிடு என்று அனுப்பிவிட்டார்கள். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ஒரு கிருத்திகை அன்று மூவரும் போனோம். படியில் அக்கா இரண்டு முறை தடுக்கினாள். கொஞ்சம் கவனமாக இருக்கக்கூடாதா என்று சந்நிதியிலேயே அம்மா அவள் தொடையைக் கிள்ளினாள்.

அக்காவுக்கு என்ன என்று வீட்டில் ஓரளவு தெரிந்திருந்த ஒரே ஆள் நான். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனி மாதம் ஒரு ஞாயிறு மதியம் அக்கா கஞ்சி வடித்தாள். கை நடுங்கிப் பானை சரிந்து கொதிக்கிற கஞ்சி அவள் இடது பாதத்தில் கொட்டியது. நான்தான் அலறினேன். அவள் பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு, “ஏண்டி கத்துற?” என்றாள். பிறகுதான் குனிந்து பார்த்தாள். பாதம் சிவந்துகொண்டே வந்தது. அவள் முகத்தில் வலி இல்லை, பயம் இருந்தது.

“அக்கா, சுடலியா ஒனக்கு?”

“கொட்னதே தெர்லடி. முன்ன ஊறிச்சி. இப்ப காலே தெர்ல.”

“அம்மாகிட்ட சொல்லலாம்க்கா.”

“வாணாம். கஞ்சியையும் கொட்டிட்டியான்னு அதுக்கும் திட்டும். சொன்னின்னா, ஒன் பந்து அடுப்புல பூடும்.”

அவள் சேலையைத் தழையக் கட்டிப் பாதத்தை மறைத்துக்கொண்டாள். நானும் சொல்லவில்லை. பந்துக்காகச் சொல்லவில்லை. இப்படி ஒரு புத்தி எனக்கு.

ஆடி பிறந்தது. எங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றி, தீ மிதிக்கிற மாதம். தீ மிதிக்கிறவர்கள் பத்து நாள் முன்பே கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருப்பார்கள். காப்புக் கட்டுகிற அன்று பம்பையும் உடுக்கையும் அடிக்கிறவர்கள் வந்திருந்தார்கள். பெண்கள் வேப்பிலைக் குடங்களோடு வரிசையில் நின்றோம். அக்காவும் குடம் வைத்திருந்தாள். வேலைக்குப் போய்விட்டு வந்து, சாப்பிடாமல், கூட்டத்தில் நின்றிருக்கிறாள். பம்பை உச்சத்துக்குப் போகும்போது அவள் கை நடுங்கியது. குடத்துத் தண்ணீர் தளும்பியது. முழங்கால் இரண்டும் மடங்கி அப்படியே விழுந்தாள்.

வேறு ஊராக இருந்தால் பெண் மயங்கிவிட்டாள், சோடா கொண்டு வா என்றிருப்பார்கள். எங்கள் ஊரில் நூறு பேர் ஒரே குரலில் குலவையிட்டார்கள். பூசாரி விபூதித் தட்டோடு ஓடி வந்தார்.

“தாயே, யாரு வந்துகீற? சொல்லு!”

அக்கா கண்ணைத் திறந்து மலங்க மலங்கப் பார்த்தாள். “காலு... காலு தெர்லியே எனக்கு” என்றாள்.

“கேட்டீங்களா!” என்று பூசாரி கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். “தரையில காலு பாவலியாம் அம்மனுக்கு! மெதந்துகினு வந்துகீறா!”

“கையெல்லாம் ஊறுது...”

“ஏறுறாடா உள்ள! பாத்துக்கோங்க, ஏறுறா!”

அந்த நிமிஷத்தில் என் அம்மா முகத்தைப் பார்த்தேன். இத்தனை மாதமும் கடுகடுவென்று இருந்த முகம் அப்படியே குழைந்துவிட்டது. வாயு இல்லை, காதல் இல்லை, திமிர் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பதில், அதுவும் பெருமையான பதில். என் அம்மா பெற்ற மகளின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். இத்தனை நாள் திட்டினதை மன்னிச்சிடு தாயே என்று அழுதாள். பெரியம்மா தனக்கு இது முதலிலேயே தெரியும் என்றாள்.

அக்காவுக்குக் காப்புக் கட்டினார்கள். அன்றிலிருந்து பத்து நாள் எங்கள் வீட்டில் திட்டுச் சத்தமே இல்லை. அம்மா அக்காவை “வாம்மா, போம்மா” என்றாள். கம்பெனிக்குப் போகும்போது வாசலில் தண்ணீர் தெளித்து அனுப்பினாள். ஆமாம், கம்பெனிக்குப் போனாள். விரதத்துக்கு மாமிசம் கூடாது, கட்டில் கூடாது, பசை கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. என்னையும் தெருவில் மதித்தார்கள். தண்ணீர்க் குழாயில் எனக்கு முதல் குடம். அந்தச் சொகுசில் கஞ்சி கொட்டிய கதை என் தொண்டைக்குள்ளேயே இருந்துவிட்டது. ஒருமுறை அக்காவிடம் கேட்டேன், பயமாக இல்லையா என்று. அவள் சொன்னதை நான் மறக்கவே இல்லை. “பயமாத்தாண்டி கீது. ஆனா அம்மா என்னாண்ட சிரிச்சிப் பேசி எத்தினி மாசமாச்சி, பாரு” என்றாள்.

தீமிதி அன்று சாயங்காலம் வெயில் இறங்குவதற்கு முன்பே குழியைக் கிளறிச் சமன் செய்துவிட்டார்கள். குழி முடிகிற இடத்தில் பால் கலந்த தண்ணீர்ப் பள்ளம். எத்தனை பக்தி இருந்தாலும் மனிதக் கால் நெருப்பில் ஓடத்தான் ஓடும். பூசாரியே கரகத்தோடு தடதடவென்று ஓடித்தான் பள்ளத்தில் இறங்கினார். அடுத்தடுத்து எல்லோரும் அப்படியே. அக்கா முறை வந்தது. மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை. அவள் ஓடவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அடியாக வைத்தாள், பஸ் ஸ்டாப்பிலிருந்து வருவாளே, அதே நடை. குழியின் நடுவில் கால் பிசகி நின்று, நிதானித்து, மறுபடியும் நடந்தாள்.

கூட்டத்தில் ஒரே ஆரவாரம். இப்படி ஒரு நடையைப் பார்த்ததே இல்லை என்று கிழவர்கள் அழுதார்கள். அவள் பால் பள்ளத்தில் இறங்கியதும் சுற்றிலும் விழுந்து பாதத்தைத் தொட்டார்கள். நானும் உள்ளே நுழைந்து போனேன். அப்போது எனக்கு வந்த வாசனை பூவும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. சமைக்கிற வீட்டில் வளர்ந்த எவளுக்கும் தெரிந்த வாசனை. அவள் உள்ளங்கால் தோல் பள்ளத்துத் தண்ணீரில் தனியாக மிதந்தது.

“அம்மா, அக்கா காலப் பாரும்மா!” என்று கத்தினேன். அப்போதுதான் அந்தக் கஞ்சிக் கதையையும் சொன்னேன், அழுதுகொண்டே, எல்லோர் முன்பும். அம்மா என் வாயைப் பொத்தினாள். கோபத்தில் இல்லை. பரவசத்தில்.

“கஞ்சி கூட சுடலியா? அப்பவே வந்துட்டாடி! வூட்ல வெச்சிக்கினே தெரியாம கெடந்தோமேடி!”

என்ன செய்வீர்கள் இப்படிப்பட்டவர்களை?

புண்ணுக்கு மஞ்சளும் வேப்பிலையும்தான் வைத்தார்கள். சாமி கொடுத்ததை டாக்டரிடம் காட்டக்கூடாது என்று பெரியம்மா கட்டளை. மூன்றாம் நாள் அக்காவின் பசை மேசைப் பெண்கள் ஆறு பேரும் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் வீட்டுக்கு வந்தார்கள். கழுத்தில் கார்டு, கையில் பழம். அவர்களில் சிறியவள், என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்திருப்பாள், அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து வெட்கத்தோடு கேட்டாள்.

“அக்கா, எங்களுக்கும் அதே மாரி ஊறுதுக்கா. எனக்குக் கையி, இவளுக்குக் காலு. எங்களுக்கும் வருவாளாக்கா?”

அக்கா ஜுரத்தில் கிடந்தாள். என் அம்மா பூரித்துப்போனாள். ஆறு பேர் நெற்றியிலும் குங்குமம் வைத்து, நேரமாகிறது, பஸ் போய்விடும் என்று அனுப்பி வைத்தாள்.

ஏழாம் நாள் அப்பா லாரியோடு வந்தார். உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார். போர்வையை விலக்கிப் பார்த்தார். அக்காவைத் தூக்கி லாரியில் கிடத்தி மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மாவும் நானும் கூட ஏறிக்கொண்டோம். வழியெல்லாம் அம்மா அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அங்கே ஒரு டாக்டரம்மா. சின்ன வயது, தூக்கம் இல்லாத கண். அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி ஒரு ஊசியால் காலில் குத்திக்கொண்டே வந்தார்.

“குத்துறது தெரியும்போது சொல்லும்மா.”

அக்கா மூடிய கண்ணோடு ரொம்ப நேரம் காத்திருந்தாள். பிறகு மரியாதையாகச் சொன்னாள்: “குத்துங்க டாக்டர், நான் பயப்பட மாட்டேன்.” அவள் கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் அதற்குள் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ரத்தப் பொட்டுகள் இருந்தன. அம்மா அதைப் பார்த்தாள்.

டாக்டரம்மா கேட்ட அடுத்த கேள்வியை எங்கள் ஊரில், எங்கள் வீட்டில், இத்தனை மாதத்தில் ஒரு ஜீவன்கூடக் கேட்கவில்லை. “நீ என்ன வேலை பாக்குற?”

அக்கா சொன்னாள். பசை, பிரஷ், மூடிய ஜன்னல். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். பசையில் கலக்கிற ஒரு திரவம், மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போய் நரம்பைக் கெடுக்கும். முதலில் ஊறும், பிறகு மரக்கும், பிறகு கால் துவளும். முதலிலேயே வேலையை விட்டிருந்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகியிருக்கும். கை பிழைக்கும். இடது காலில் சீழ் பிடித்துவிட்டதால் இரண்டு விரலை எடுக்க வேண்டும்.

அம்மா அழவில்லை. அக்காவின் காலில் இருந்த ரத்தப் பொட்டுகளை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே, “கூட வேலை பாக்குறவங்க யாருக்காச்சும் இப்படி இருக்கா?” என்று கேட்டார். அக்கா ஆறு என்று கையால் காட்டினாள். அம்மாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எழுத எனக்கு எழுத்துத் தெரியவில்லை.

விரல்களை எடுத்துத் திரும்பி வந்த வாரமே அம்மா ஒரு ஆட்டோ பேசினாள். அக்காவை உட்கார வைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு, ஆறு வீட்டுக்கும் போனாள். டாக்டர் சொன்னதை ஒப்பிப்பாள். நம்பமாட்டார்கள் என்று அக்காவின் கட்டுப் போட்ட காலை நீட்டிக் காட்டுவாள். முதல் வீட்டில் அந்தக் காலைப் பார்த்ததும் உள்ளே போய்த் தட்டில் மஞ்சள் தண்ணீர் கொண்டு வந்தார்கள், பாத பூஜைக்கு. இரண்டாவது வீட்டில் விழுந்து கும்பிட்டார்கள். மூன்றாவது வீட்டில் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அது எப்பிடிம்மா? ஒம் பொண்ணுக்கு வந்தா சாமி, எம் பொண்ணுக்கு வந்தா சீக்கா?”

அம்மா ஆட்டோவுக்குத் திரும்பினாள். வேறென்ன செய்வாள்? அவள் கையால் வைத்த குங்குமம்தானே. நான்காவது வீட்டில், தன் பெண்ணுக்கு வேலை போன பொறாமையில் பேசுகிறாள் என்றார்கள். ஐந்தாவது வீட்டில் கதவே திறக்கவில்லை. அம்மா ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இறங்கி வரும்போது கொஞ்சம் கூனிக்கொண்டு வந்தாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் தீரவில்லை. ஆனாலும் ஆட்டோவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி வீடு அந்தச் சிறியவளுடையது. அவள் தாய் வெளியே வந்தாள். அம்மா பேச வாயெடுப்பதற்குள் குனிந்து, அக்காவின் கட்டுப் போட்ட பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“தொடாத! அம்மன் இல்லடி அது. பசை! பசைடி!”

தெருவே திரும்பிப் பார்த்தது. அம்மனைப் பற்றி இப்படிப் பேசிவிட்டோமே என்று அம்மா பழக்கதோஷத்தில் இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டாள். பிறகு, கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே, மறுபடியும் கத்தினாள்.

“பசைடி! நான்தாண்டி சாமின்னு விழுந்தேன். எம் பொண்ணு கால நான்தாண்டி தின்னேன்!”

உள்ளேயிருந்து ஷிஃப்டுக்குக் கிளம்பி வந்த அந்தச் சிறியவள் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அக்காவின் காலைப் பார்த்தாள். தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு கழுத்திலிருந்து கார்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே திரும்பிப் போனாள்.

ஆறு பேரில் வேலையை விட்டு நின்றது அவள் ஒருத்திதான். மற்ற ஐந்து பேரும் அடுத்த ஆடியில் காப்புக் கட்டிக்கொண்டு குழியில் இறங்கினார்கள். ஒருத்திகூட ஓடவில்லை.